ஒரே "வேண்டும்", பல ஆங்கிலச் சொற்கள்

நம் தமிழில் "வேண்டும்" என்னும் சொல் எல்லோருக்கும் பொதுவானது. வேண்டுபவரும் அதனைச் சொல்வார். ஆணையிடுபவரும் அதனையே சொல்வார். "எனக்கு விடுமுறை அளிக்க வேண்டும்" என்று ஊழியர் எழுதினால் அது பணிவான விண்ணப்பம். "நாளை தவறாமல் வர வேண்டும்" என்று மேலதிகாரி எழுதினால் அது உத்தரவு. சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதைக் கொண்டே நாம் பொருள் கொள்கிறோம். ஆங்கிலமோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்லைக் கேட்கிறது.

தர்மபுரியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அத்தெருவிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்ற இளைஞர் ஒருவர், தம் தாயாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக விடுமுறை கேட்டு, "யூ மஸ்ட் கிவ் மீ லீவ்" என்று எழுதினார். நெஞ்சில் இருந்தது பணிவு; தாளில் விழுந்ததோ கட்டளை. விடுமுறை கிடைக்கவில்லை. தாயாருடன் மருத்துவமனைக்குத் தங்கைதான் சென்றாள். "குட் யூ ப்ளீஸ்" என்று தொடங்கியிருந்தால் அவர் மனத்தில் இருந்தது அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கும்பினியார் கைக்கு மாறியது. அன்று ஆள்வோரின் மொழியாக இம்மண்ணுக்கு வந்த ஆங்கிலம், இன்று நம் பிள்ளைகளுக்குப் பிழைப்பின் மொழி. ஆகவே அதன் நயத்தையும் அவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

"மஸ்ட்" என்பது விலக்கில்லாத கட்டாயம். "ஷுட்", "ஆட் டு" இரண்டும் நல்லது நாடிச் சொல்லும் அறிவுரை. "ஹேட் பெட்டர்" என்பது, கேளாவிட்டால் தீங்கு வரும் என்ற எச்சரிக்கை கலந்தது. பெரியவர்களிடம் அதனைச் சொன்னால் மிரட்டல் போல் ஒலிக்கும். ஃபர்ளு எது, சுன்னத்து எது என்று தரம் பிரித்துப் பழகிய நம் இல்லங்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

எதிர்பார்ப்புக்கும் இவ்வாறே. "பேருந்து இந்நேரம் வந்திருக்க வேண்டும்" என்று நிலையத்தில் காத்திருப்பவர் சொல்வது "ஷுட்". வீட்டிலிருந்தபடியே, வந்திருக்கும் என்று உறுதியாகக் கணிப்பவர் சொல்வது "மஸ்ட்". பிறர் வகுத்த விதியையோ ஏற்பாட்டையோ ஒட்டி நடக்க வேண்டியதைச் சொல்ல "ஸப்போஸ்ட் டு" உண்டு.

இன்னொரு செய்தியும் உண்டு. "ஆட்" என்பது, கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் "ஓ" என்ற ஆங்கில வினையின் பழைய இறந்தகால வடிவம். "ஷுட்" என்பதன் வேரும் கடன்பட்டிருத்தலையே குறித்தது. தமிழிலும் "கடன்" என்ற சொல் கொடுக்க வேண்டிய பணத்தையும் குறிக்கும், செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். தொலைவில் பிறந்த இரு மொழிகள் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போவது வியப்பன்றோ!

பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித் தரும் பெற்றோர், ஒரு கேள்வியையும் சேர்த்துக் கற்றுத் தருவார்களாக: இதை இவரிடம் ஆணையாகச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா? அதற்கு விடை தெரிந்தால், எழுத வேண்டிய சொல்லும் தெரிந்துவிடும்.