மெல்லிய ஒயர் சுமந்த பாரம்



ஒரு மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கழற்றி இறக்குவது எளிது. அதைத் திரும்ப ஏற்றி, விட்டுப்போன இணைப்புகளையெல்லாம் பொருத்துவதே கடினம் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்வார்கள். பெட்ரோல் குழாய், தண்ணீர்க் குழாய், ஆக்ஸிலரேட்டர், சோக், ஸ்டார்ட்டர் ஒயர் என்று இணைக்க வேண்டியவை பல. அவற்றில் ஒன்றை மறந்தாலும் வண்டி அதை நமக்கு உணர்த்தும். சில வேளை ஓடாமல் நின்று உணர்த்தும். சில வேளை தீயைக் கொண்டு உணர்த்தும்.

நம் சபையில் மூப்பராய் இருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஒரு பெரியவரின் அம்பாசிடர் காரை உங்களில் பலர் அறிவீர்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான வண்டி அது. பேத்தி மணப்பெண்ணாய் அந்த வண்டியிலேயே ஆலயத்துக்கு வந்திறங்க வேண்டும் என்று பெரியவரின் துணைவியார் விரும்பினார்கள். எஞ்சின் வேலை ஓர் ஒர்க்‌ஷாப்பில் முடிந்து வண்டி வீடு வந்தது. மறுநாள் காலை மகன் ஸ்டார்ட் செய்ய முயன்றபோது டேஷ்போர்டின் அடியிலிருந்து புகை எழுந்தது. சோக் ஒயர் கையால் தொட முடியாதபடி கொதித்தது. அவர் விரைந்து பாட்டரி இணைப்பைக் கழற்றியதால் புகையோடு போயிற்று. அந்த ஒயரின் மறுமுனை கார்புரேட்டரில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கார்புரேட்டரில் இருப்பது பெட்ரோல்.

பாளையங்கோட்டையில் பழைய வண்டிகளையே கவனித்து வரும் ஒரு முதிய பாயை அழைத்து வந்தார்கள். அவர் எல்லா இணைப்புகளையும் கழற்றி, ஒவ்வொன்றாய் மீண்டும் பொருத்திய அந்தப் பிற்பகல் முழுவதும் நான் அருகில் அமர்ந்திருந்தேன்.

முதலில் பெட்ரோல் குழாய். டேங்கிலிருந்து பம்ப் வரை ஒரு பகுதி; பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை மற்றொரு பகுதி. பம்ப் முதல் பகுதியில் பெட்ரோலை உறிஞ்சுகிறது. இரண்டாம் பகுதியில் அதைத் தள்ளுகிறது. தள்ளும் பக்கம் இணைப்பு தளர்ந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும். கண்ணும் மூக்கும் அதைக் கண்டுகொள்ளும். உறிஞ்சும் பக்கம் தளர்ந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டும் வெளியே வராது. மாறாக, காற்று உள்ளே புகும். வெளியே எல்லாம் உலர்ந்திருக்க, எஞ்சின் மட்டும் பெட்ரோல் கிடைக்காமல் திணறும். பாய் பழைய ரப்பர் குழாய்களில் ஒன்றையும் மீண்டும் மாட்டவில்லை. எத்தனால் கலந்து வரும் இன்றைய பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது என்று, அதற்கென்றே செய்யப்பட்ட புதிய குழாயை வெட்டிப் பொருத்தினார். நட்டுகளை முதலில் விரலால் சுற்றினார். மரை ஒழுங்காய்ப் பிடித்தபின்பே ஸ்பேனரை எடுத்தார். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் சூடேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே கசியும் ஒரு சொட்டு கீழே எங்கே விழும் என்பதை அறிந்தவருடைய நிதானம் அது.

அடுத்து அவர் எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே இருக்க வேண்டிய எர்த் பட்டை இல்லை.

அது செம்பு இழைகளைப் பின்னிச் செய்த ஒரு சிறிய பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின்மேல் அமர்ந்திருக்கிறது. அதிர்வைத் தடுக்கும் அந்த ரப்பர் மின்சாரத்தையும் தடுத்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூறு ஆம்பியரையும் தாண்டி மின்சாரம் வரும். வந்தது திரும்பிப் போக வேண்டும். திரும்பும் வழி அந்தப் பட்டைதான். அதை மாட்டாமல் விட்டதால், எஞ்சினையும் உடலையும் தொட்டுக்கொண்டிருந்த மெல்லிய சோக் ஒயரின் வழியாக அவ்வளவு மின்சாரமும் போக முயன்றது.

மகன் ஒரு புதிய சோக் ஒயரை வாங்கி வைத்திருந்தார். பாய் அதை ஓரமாக வைத்தார். “ஐயா, கரண்டு வழி இல்லைன்னு நிக்காது. கிடைச்ச வழியில போயிரும். பட்டைய மாட்டாம புது ஒயர மாட்டினா அதுவும் எரியும்” என்றார்.

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. படுக்கையில் கிடக்கும் தகப்பனை ஆண்டுக்கணக்காய்ப் பராமரிக்கும் ஒரு மகளை நான் அறிவேன். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்க வேண்டாம். அவளுக்கு அண்ணன்மார் இருவர் உண்டு. பணம் அனுப்புகிறார்கள், அன்புள்ளவர்களே. ஆனால் இரவில் எழுந்து தகப்பனைப் புரட்டிப் படுக்க வைப்பது அவள் மட்டுமே. அண்மையில் உறவினர்கள், “முன்பு இருந்த பொறுமை அவளிடம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள்” என்கிறார்கள். அவளுக்குப் புத்தி சொல்லும்படி என்னையும் கேட்டார்கள். நான் அண்ணன்மாரை அழைத்துப் பேசினேன். ஒருவர் இப்போது வாரத்தில் இரண்டு இரவுகள் வந்து தங்குகிறார். மற்றவர் இன்னும் வரவில்லை.

பாரம் சுமக்க வேண்டியவர் விலகி நிற்கும்போது பாரம் மறைந்துபோவதில்லை. அருகில் இருக்கும் மெல்லியவர்மேல் அது இறங்கிவிடுகிறது. பிறகு அவர் சூடாகும்போது, குறை அவரிடத்தில் இருப்பதாய் நாம் தீர்ப்புச் சொல்கிறோம். சபையிலும் இதைக் காணலாம். பத்துப்பேர் செய்ய வேண்டியதைக் கோயில்குட்டி ஒருவரே செய்கிறார். ஓய்வுநாள் பள்ளியை ஒரே சகோதரி தாங்குகிறார். அவர்கள் களைத்து விலகினால் வேறொருவரைத் தேடுகிறோம். எரிந்த ஒயருக்குப் பதில் புதிய ஒயர்!

பாய் பட்டையைப் பொருத்துமுன் அதன் இரு முனைகளும் தொடும் இடங்களில் பெயிண்டையும் துருவையும் பளபளக்கும்வரை சுரண்டினார். பட்டை இருந்தால் மட்டும் போதாது. உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பாட்டரியைக் கடைசியாகவே இணைத்தார். பம்பின் கைநெம்புகோலை அசைத்துப் பெட்ரோலை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துவிட்டு, ஈரம் தெரிகிறதா என்று கால்மணி நேரம் காத்திருந்தார். அதன்பின்பே சாவியைத் திருப்பச் சொன்னார். மணப்பெண் அந்த வண்டியிலேயே ஆலயத்துக்கு வந்தாள்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் அதிகமாய்ச் சினம் கொள்ளுகிறவர் யார் என்று கவனியுங்கள். அவரைக் கடிந்துகொள்ளுமுன், அவர் யாருடைய பாரத்தைச் சுமக்கிறார் என்று கேளுங்கள். விட்டுப்போன பட்டை ஒருவேளை நீங்களாய் இருக்கலாம். பணம் அனுப்புவதோடும் தொலைபேசியில் விசாரிப்பதோடும் நில்லாமல், ஓர் இரவாகிலும் அருகில் சென்று தங்குங்கள்.

பாரம் சுமக்கிறவர்களைத் தேவன் தாங்குவாராக. விலகி நிற்கிற நம்மைத் தம்முடைய கரத்தினால் உரிய இடத்தில் பொருத்துவாராக. ஆமென்.