ஐந்து நாள் விடுமுறை

மூன்று ஆண்டுகளாகக் கட்டாரில் தொழில் புரியும் என் தம்பி ஐந்து நாள் விடுமுறையில் வருகிறான். யாழ்ப்பாணத்திலிருந்து அவன் மனைவியும் மக்கள் இருவரும் வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்துக்கு வருவர். இளையவளுக்கு வயது 2. தந்தையை அவள் நேரிற் கண்டதில்லை.

கொழும்பு முழுவதையும் காட்டிவிட அவனுக்கு ஆவல். ஆயினும், நாளொன்றுக்கு ஓரிடமே போதுமென அவன் மனைவியும் நானும் வகுத்துள்ளோம்: ஒருநாட் காலை தெஹிவளை மிருகக்காட்சிசாலை, மறுநாள் கொட்டாஞ்சேனையிற் பெரியம்மா வீடு, நண்பகலில் உறக்கம், மாலையிற் கடற்காற்று. வெள்ளவத்தைக் கடற்கரையோரம் புகையிரதம் ஓடுவதால், பிள்ளைகள் ஓடியாடக் காலிமுகத்திடலே தக்கது. 1859இல் நிறைவுற்ற அதன் உலாவும் பாதையைப் பெண்கள், குழந்தைகள் நலன் கருதிப் பேணுமாறு, தமக்குப் பின்வருவோரைத் தேசாதிபதி ஹென்றி வார்ட் கேட்டுக்கொண்டதை அங்குள்ள கல் கூறும். அங்கே சின்னவள் தந்தையின் மடியில் அமரப் பழகிவிட்டாளாயின், காணாது விட்ட இடங்களை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.