தண்ணீர்க்கு விலை

1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்திலே 'உட்ஸ்டாக்' என்னும் திறந்தவெளி இசைவிழாவை நடத்தச் சில இளைஞர் முற்பட்டனர். முதற்கண் குறித்த வால்கில் ஊரார் அதற்கு உடன்படாது, ஜூலைத் திங்களிலே சட்டமியற்றித் தடுத்துவிட்டனர். பின்னர்ப் பெத்தல் என்னும் ஊரிற் பாற்பண்ணை நடத்திய மாக்ஸ் யாஸ்கர் தம் நிலத்தை வாடகைக்கு அளித்தார். அயலார் வெகுண்டு, அவர்தம் பாலை வாங்கற்க எனப் பலகை நாட்டினர். பால் விற்று வாழ்வார்க்கு இஃது எளிய ஒறுப்பன்று.

அயலாரது அச்சத்தை வீணெனத் தள்ளுதலும் நீதியாகாது. ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிய விழாவிற்குத் திரண்டோர் ஏறக்குறைய 4 லட்சம் பேர். சாலைகள் அடைபட்டன, வயல்கள் மிதிபட்டன, உணவும் நீரும் அருகின. அவ்வட்டாரத்தார் பலர் உணவு திரட்டி அனுப்பினர் என்பதும் ஈண்டு மறக்கற்பாலதன்று. சிலரோ குடிநீரை விலைக்கு விற்கலாயினர். அதனைக் கேட்ட யாஸ்கர், தண்ணீர்க்கும் விலையோ எனச் சினந்து, தம் பாற்புட்டிகளில் நீர் நிரப்பி வந்தார்க்கெல்லாம் வாளா வழங்குவித்தார். இத்துணைக்கும் அவர் பழைமை பேணுபவர். அவ்விளைஞரின் கோலமும் கொள்கையும் அவர்க்கு உவந்தனவல்ல.

விழா முடிந்தபின் அயலார் நட்டஈடு கோரி அவர்மேல் வழக்கிட்டனர். மறு ஆண்டு மீண்டும் நிலம் வேண்டப்பட்டபோது, அவர் மறுத்து மாடுகளிடமே திரும்பினார். 1971இல் பண்ணையை விற்றார், 1973இல் காலமானார்.