நஞ்சும் நீலகண்டமும்

திருச்சிற்றம்பலம்

கொங்கு நாட்டுத் திருச்செங்கோடு, தேவாரத்துள் கொடிமாடச் செங்குன்றூர் என வழங்கப்பெறுவது. திருஞானசம்பந்த சுவாமிகள் ஆண்டு எழுந்தருளியிருந்தபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. இஃது இந்நிலத்தின் இயல்பு என அவர்கள் விண்ணப்பிக்க, சுவாமிகள் திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்து, அடியார்களை மட்டுமன்றி அந்நாடு முழுவதையுமே அப்பிணியினின்று விடுவித்தனர் எனப் பெரியபுராணம் கூறும். துன்பம் வந்துழி, இது முன்னை வினை என்று வாளாவிராது, உய்யும் வழி நாடுதலே கடன் என்பது அப்பதிகத்தின் உட்கிடை.

அச்சுரத்தினும் கொடிய சுரம் ஒன்று இன்று சேலம் நாமக்கல் சமவெளியைப் பற்றியுளது. அதுவே குடி. லாரித் தொழிலுக்கு இஃது இயல்பு, தறித் தொழிலுக்கு இஃது இயல்பு, அவன் தலையெழுத்து இது எனப் பேசுவோரை நாடோறும் கேட்கின்றோம். சுவாமிகள் மறுத்த கூற்று இதுவேயன்றோ?

இந்நிலத்திலேதான் இந்நோய்க்கு மருந்தும் முன்னர்த் தேடப்பெற்றது. இராசகோபாலாச்சாரியார் 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் நிறுவி, 1929-இல் மதுவிலக்கிற்கென்றே 'விமோசனம்' என்னும் இதழைத் தொடங்கினார். முதலமைச்சராயின பின்னர், 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். நாமக்கல் அக்காலத்தில் அம்மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமாயது 1997-இல். போர்க்காலத்தில் தளர்ந்த அவ்விலக்கு 1948-இல் மாகாணமெங்கும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்டது. பின்னும் பலமுறை மாறிற்று. சட்டம் கடையை மூட வல்லது. கடையை நாடும் நெஞ்சிற்கு வேறொரு சார்பைத் தருவது அதனால் இயலுவதன்று.

சார்பு என்றது என்னை? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தத் துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே காட்டுமாறுபோல, உயிரும் மலத்தைச் சார்ந்து மலமாய் நின்று, சிவத்தைச் சார்ந்து சிவமாய் விளங்கும். ஆதலின், குடியைச் சார்ந்தான் ஒருவன் அச்சார்பை விடுதல் மட்டும் போதாது. சார்தற்குரியதைச் சார்தலும் வேண்டும்.

இதனை யான் நூலிற் கற்றதினும் என் இளவலிடத்துக் கண்டதே மிகுதி. அவன் லாரி ஓட்டுநன். நாற்பத்தாறாம் வயதில் ஒரு விடியற்காலையில் கை நடுங்கி வண்டியின் சாவியைப் பொருத்த மாட்டாது நின்றான். அருகே அவன் மகள் நின்று நோக்கினாள். அன்று என்னிடம் வந்து, "அண்ணா, என்னை எங்கேனும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்" என்றான். அதுவே முதல் திருப்பம். பல்லாண்டு மிகக் குடித்தவர் திடுமென நிறுத்துவராயின் நடுக்கமும் வலிப்பும் அறிவுமயக்கமும் உண்டாகலாம். உயிர்க்கே இடையூறு நேர்தலும் கூடும். ஆதலின் மருத்துவர் காவலில் வைத்தே நிறுத்துவித்தோம். மருந்தும் திருவருளின் கருவியே. அதனை விலக்கித் திருநீறு மட்டும் போதுமென்பார் அருளின் பரப்பை அறியார்.

பத்துத் திங்கள் கழிந்தபின் ஓர் உறவினர் திருமணத்தில் மீண்டும் வீழ்ந்தான். மருந்தும் பொய், கோயிலும் பொய் எனச் சுற்றத்தார் கைவிட்டனர். நான்காம் நாள் தானே வந்து நடந்ததைக் கூறினான். முன்னெல்லாம் ஒளித்தவன் இப்பொழுது உரைத்தான். இதுவே இரண்டாம் திருப்பம் என யான் உணர்ந்தேன். சத்திநிபாதம் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைத்து என்பர் நம் ஆசிரியர். மெல்லப் பதியும் அருள் இடையே ஒரு வீழ்ச்சியால் இல்லையாகிவிடுமோ? ஆகாது.

அதன்பின் அவன் தன்போன்றார் கூடும் கூட்டத்திற்குச் செல்வானாயினன். 1935-இல் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில் குடியால் நொந்த இருவர், வில்சன் என்பாரும் சுமித் என்னும் மருத்துவரும், ஒருவரையொருவர் தாங்கத் தொடங்கியதனின்று வளர்ந்தது 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அக்கூட்டம். நொந்தவன் நொந்தவனைத் தாங்குதலால் தானும் நிற்பான் என்பது அவர் கண்ட உண்மை. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் இணக்கத்தை வற்புறுத்தியதன் பொருள் எனக்கு அப்பொழுது புதிதாய் விளங்கிற்று.

ஒரு கார்த்திகைச் சோமவாரத்தில் இருவேமும் செங்கோட்டு மலைப் படிகளை ஏறினோம். "காலையில் எழுந்தவுடன் பசிக்கிறது, அண்ணா; இது மறந்து எத்தனை ஆண்டாயிற்று!" என்று சொல்லிச் சிரித்தான். மாதொருபாகர் திருவடியில் ஊறும் தீர்த்தத்தை நடுக்கமில்லாத கையில் ஏந்தி அருந்தினான். பேரின்பத்தின் நிழல் இத்தகைய சிற்றின்பங்களிலும் வீழ்வதுண்டு என அன்று கண்டேன்.

மெய்யன்பர்காள்! உலகு உய்ய நஞ்சுண்டு கண்டத்தே நிறுத்தியவன் நம் பெருமான். நஞ்சுண்டு வருந்துவோரை அவன் வெறுப்பானோ? நும் ஊர்த் திருமுறைக் கூட்டத்திற்கு அத்தகையான் ஒருவன் வருவானாயின் முகஞ்சுளியாது அருகிருத்துங்கள். வீழ்ந்து மீள வருவானாயின் மீளவும் இருத்துங்கள்.

திருச்சிற்றம்பலம்