வராக் கடனுக்கும் ஒரு சந்தை

மரக்கறிக்குச் சந்தை உண்டு. மாட்டுக்குச் சந்தை உண்டு. பொன்னுக்கும் பூமிக்கும் விலை பேசுவோரும் உளர். ஆனால், திரும்பி வராதெனக் கைவிடப்பட்ட கடனையும் கட்டுக் கட்டாக விற்கும் சந்தை ஒன்று உண்டென்றால் நம்மிற் பலர் நகைப்பர். ஐக்கிய அமெரிக்காவில் அச்சந்தை பெரு வர்த்தகமாகவே நடைபெறுகின்றது.

நம் மொழியிற் ‘கடன் வாங்குதல்’ என்றால் பிறரிடம் பணம் பெறுதல் என்பதே பொருள். அங்கேயோ, பிறர் பட்ட கடனையே விலை கொடுத்து வாங்குகின்றனர். கடன் அட்டைக்குரிய பணத்தை ஒருவர் 180 நாட்கள் வரை செலுத்தாதுவிடின், வங்கி அதனை நட்டக் கணக்கில் எழுதிவிடும். அதனாற் கடன் தீர்ந்துவிடுவதில்லை. அத்தகைய கணக்குகள் பலவற்றை ஒன்றுசேர்த்து வங்கி விற்றுவிட, வாங்கிய ஸ்தாபனம் கடனாளியிடம் முழுத் தொகையையும் கேட்கும்.

விலை என்ன? அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு டொலர்க் கடனுக்குக் கொடுக்கப்பட்ட சராசரி விலை 4 சதம். மூன்றாண்டுக்கு உட்பட்ட கடனுக்கு 7.9 சதம், மூன்று முதல் ஆறாண்டுக் கடனுக்கு 3.1 சதம், ஆறு முதல் பதினைந்தாண்டுக் கடனுக்கு 2.2 சதம். அதற்கும் மூத்த கடன் ஏறக்குறைய இனாம்.

இக்கணக்கின் சூட்சுமம் எளிது. ஆளுக்கு 1,000 டொலர் கடன்பட்ட இருபத்தைந்து பேரின் கடன்களை, சராசரி விலையில், 1,000 டொலருக்கு வாங்கிவிடலாம். அவர்களில் ஒருவர் முழுவதையும் செலுத்தினாற் போதும், கொள்முதல் மீண்டுவிடும். அறவிடும் செலவு போக, எஞ்சியோர் தருவதெல்லாம் இலாபமே. கடன் முதுமையடைய விலாசம் மாறுகிறது, பத்திரம் தொலைகிறது, வழக்கிடும் காலமும் கடந்துபோகிறது. ஆகவே விலையும் விழுகிறது. கைமாறுவதும் பெரும்பாலும் பெயர், விலாசம், தொகை ஆகிய விபரங்களே. மூலப் பத்திரங்கள் உடன் வருவது அரிது. விபரங்கள் சரியானவை என்பதற்குத் தாம் பொறுப்பல்லர் என விற்போர் உடன்படிக்கையில் எழுதிக்கொள்வதும் உண்டு.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், சந்திக் கடையில் எங்கள் வீட்டுக் கணக்குக்கென ஒரு கொப்பி இருந்தது. மாத முடிவில் தந்தையார் சம்பளத்துடன் சென்று தீர்த்து வருவார். கணக்குப் பிசகினால் இருவரும் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பர். தாமதமானால் வீட்டில் நோயோ நொடியோ என்று கடைக்காரர் விசாரிப்பார். அக்கடனுக்கு முகம் இருந்தது, சான்றும் இருந்தது. சந்தையில் விலைப்பட்ட கடனுக்கோ இரண்டும் இல்லை.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. அங்குள்ள பல மாநிலங்களில், வழக்கிடும் காலம் கடந்த கடனுக்குச் சிறுதொகை செலுத்தினாலும் அக்காலம் புதிதாகத் தொடங்கிவிடக்கூடும். பட்ட கடனைத் தீர்க்க வேண்டுமென மனச்சாட்சியோடு பத்து டொலர் அனுப்பும் ஏழையே அகப்பட்டுக்கொள்கிறார். அவருடைய நாணயமே பிறருக்கு வியாபாரப் பொருளாகிறது.

சட்டம் முற்றாகக் கண்மூடியிருக்கவில்லை. 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடன் அறவிடுவோரின் அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்தால், சான்று தரும்வரை அவர்கள் அறவிடுதலை நிறுத்த வேண்டும். காலங்கடந்த கடனுக்கு வழக்கிடுவதையும், வழக்கிடுவோமென மிரட்டுவதையும் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி தடுக்கின்றது.

அச்சந்தையிலேயே அறமும் முளைத்தது. முன்னர் கடன் அறவிடும் தொழிலில் இருந்த இருவர் 2014இல் ஒரு தரும ஸ்தாபனத்தை நிறுவினர். ஏழைகளின் வைத்தியக் கடன்களை அது சொற்ப விலைக்கு வாங்கி, ஒரு சதமேனும் கேளாது தள்ளுபடி செய்கின்றது. சதக் கணக்கில் வாங்கியதை டொலர்க் கணக்கில் கேட்பதும், கேளாது விடுவதும் வாங்கியவர் மனத்தைப் பொறுத்தவை போலும்!

கடனைத் தீர்ப்பது கடமை. அதில் இரு கருத்தில்லை. ஆயினும், அந்நாட்டுக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். யாரேனும் கடன் கேட்டு வந்தால், அஞ்சிப் பையைத் திறக்குமுன், “எங்கே சான்று?” என்று கேட்பது நாணயக் குறைவு ஆகாது. சந்திக் கடையிற் கொப்பியைப் பார்த்துத்தானே நம் பெரியோரும் கணக்குத் தீர்த்தனர்!