தொட்டிக்குள் ஓர் ஆட்சி

நம் பள்ளி அலுவலக வாயிலில், பரிசுக் கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்கு அருகே, மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருப்பதை மாணவர் அனைவரும் அறிவர். அதில் வாழ்பவை கடையில் விலைகொடுத்து வாங்கிய வெளிநாட்டு மீன்கள் அல்ல. பெண்டாங் பக்கத்து வயல் வாய்க்காலில் பெற்றோர் ஒருவர் வலையிட்டுப் பிடித்துத் தந்த செப்பாட் மீன்கள், மொத்தம் ஏழு. உடலில் இரண்டு கரும்புள்ளிகள் உண்டு; கண்ணையும் ஒரு புள்ளியாகச் சேர்த்து எண்ணி, மூன்று புள்ளி மீன் என்பர். நீரின் மேல் வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கு இருப்பதால், கலங்கிய வயல்நீரிலும் பிழைத்துக்கொள்ளும். கெடாவில் கருவாடாக விற்கிறார்களே, அந்தச் செப்பாட் சியாமுக்கு இது நெருங்கிய உறவு.

மீன்கள் வந்த முதல் மாதத்திலேயே ஒன்று கண்கூடாயிற்று. ஓய்வு நேரத்தில் முறைக்கார மாணவர், மூடியின் இடப்பக்கத் துளை வழியே உணவிடுவார். ஏழில் பெரிய ஆண் மீன் அத்துளைக்கு நேர்கீழே வந்து நின்றுவிடும். மற்றொன்று நெருங்கினால் துடுப்புகளை விரித்துத் துரத்தும். அது வயிறார உண்டபின் இரண்டாவது மீன் வரும், அதன்பின் மூன்றாவது. எல்லாவற்றிலும் சிறியது, நீர் வடிகட்டும் குழாயின் பின்னே, நிறம் வெளுத்து, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். சில நாள்கள் சென்றபின் துரத்தலும் குறைந்தது. பெரியது சற்றே திரும்பினால் போதும், மற்றவை விலகிக்கொண்டன. பார்வையாளர் பலர், "எவ்வளவு ஒற்றுமை!" என்று வியந்து சென்றதும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் சுங்கைப் பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், விரிவுரையாளர் ஒருவர், உயிரினத்தைப் பற்றி வாய்திறக்குமுன் பத்து நாள் வாய்மூடிப் பார்க்க வேண்டும் என்பார். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் அவ்வாறே ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தோம். எந்த மீன் எந்த மீனைத் துரத்துகிறது, எது எத்தனை உருண்டை உண்கிறது என்று அவர்கள் நாள்தோறும் குறித்தனர். பத்து நாளில் ஏழு மீன்களுக்கும் ஒரு வரிசை எழுந்துவிட்டது.

இத்தகைய வரிசையை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் நார்வே நாட்டுத் தொர்லெய்ஃப் ஷெல்டரூப்-எப்பே. அவர் மீனை அன்று, கோழியைப் பார்த்தவர். சிறுவனாக இருந்தபோதே கோழிகளின் நடத்தையைக் குறித்துவைக்கத் தொடங்கி, எந்தக் கோழி எதனைக் கொத்தும், எது திருப்பிக் கொத்தாது என்பதை 1920களின் தொடக்கத்தில் உலகுக்கு எழுதினார். நம் ஐந்தாம் ஆண்டினர் இதனைக் கேட்டு மிக்க பெருமை கொண்டனர்.

பெரிய மீனை அகற்றிவிட்டால் தொல்லை தீரும் என்றார் ஒரு பெற்றோர். ஒரு வார காலம் அதனை வேறொரு வாளிக்கு மாற்றினோம். மறுநாளே இரண்டாவது மீன் துளைக்குக் கீழே நின்றது. அதே விரிப்பு, அதே துரத்தல். வாரம் கழித்துப் பழைய மீனைத் தொட்டிக்குள் விட்டபோது, அதற்குப் பழைய இடம் கிட்டவில்லை. ஆள் மாறியதே தவிர, குழாயின் பின்னே நின்ற சிறிய மீனுக்கு ஒரு பருக்கையும் கூடவில்லை.

அப்போதுதான் முறைக்கார மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, ஏன் ஒரே ஓட்டையில போடுறோம்?"

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் அறிவியலில் உண்டு. அமெரிக்கரான ஜான் மேக்னசன், ஜப்பானிய நெல்வயல் மீனாகிய மெடாக்காவை ஆராய்ந்து 1962இல் எழுதினார். உணவு குறைவாகவும் ஒரே இடத்திலும் கிடைத்தபோது, ஆதிக்கம் செலுத்திய மீன் மற்றவற்றைவிட விரைந்து வளர்ந்தது. உணவு தாராளமாகக் கிடைத்தபோது அந்த ஏற்றத்தாழ்வு எழவில்லை. 1964இல் ஜெரம் பிரவுன் என்பார் பறவைகளைக் கொண்டு இதற்கொரு கணக்குச் சொன்னார்: காவல் காப்பதால் வரும் ஆதாயம், அதற்காகும் உழைப்பைவிட மிகுதியானால்தான் ஓர் உயிர் காவல் காக்கும். ஒரு துளையைக் காப்பது எளிது. மூன்றடி நீரையும் காப்பது எளிதன்று.

மூடியைக் கழற்றிவிட்டு, இருவர் இருமுனையிலும் நின்று ஒரே நேரத்தில் உணவைத் தூவச் செய்தோம். அன்றைய காட்சியைக் காண வகுப்புகள் திரண்டுவிட்டன. ஆளும் மீன் இடப்பக்கம் ஓடி ஒன்றைத் துரத்தும். அதற்குள் வலப்பக்கம் நான்கு உண்ணும். வலப்பக்கம் பாயும், இடப்பக்கம் காலி. இரண்டு மூன்று நாளில் அதுவும் துரத்தலைக் குறைத்துக்கொண்டு, உண்ணும் வேலையைப் பார்த்தது.

இத்தொட்டியின் முன் ஓய்வு நேரம் முழுவதும் நிற்கும் முதலாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டுபவரின் மகன். 1979 முதல் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கிவரும் துணை உணவுத் திட்டத்தில் அவன் பெயரும் உண்டு. "தம்பி, சாப்பிட்டாயா?" என்றோம்.

"அண்ணனுங்க எல்லாம் வாங்குனதுக்கு அப்புறம் போவேன் ஐயா."

சிற்றுண்டிச்சாலையில் முகப்பு ஒன்று, வரிசையும் ஒன்று. அவனை எவரும் அடிக்கவில்லை, தள்ளவில்லை. கட்டொழுங்கு ஆசிரியர் ஏட்டில் எழுதுவதற்கு ஒரு குற்றமும் இல்லை. பெரிய மாணவர்களும் நல்ல பிள்ளைகளே. இப்படி ஒருவன் நிற்பதையே அவர்கள் அறியார். அவனாகவே தன் இடத்தைக் கணித்துக்கொண்டு ஒதுங்கியிருக்கிறான். பல நாள்கள் அவன் முறை வருமுன் மணி அடித்துவிடுமாம். அடுத்த வாரம் முதல் முதலாம் ஆண்டினரின் உணவு அவர்கள் வகுப்பறைக்கே செல்கிறது. மீனைக் கொண்டு மனிதப் பிள்ளைகளை அளப்பது முறையன்று என்பாரும் உளர். அது மெய்யே. ஆயினும் தொட்டியின் முன் நிற்காதிருந்தால் அவனிடம் அக்கேள்வியைக் கேட்டிருப்போமா என்பது ஐயமே.

சிறிய மீன் இன்றும் சிறியதுதான். பெரியது எதிர்ப்பட்டால் இன்றும் விலகிச் செல்கிறது. ஆனால் குழாயைவிட்டு வெளியே வந்து, நீர்மட்டத்தில் மற்றவற்றோடு உண்கிறது. கரும்புள்ளி இரண்டும் தெளிந்து தெரிகின்றன.

விடுமுறையில் உணவிட முன்வருவோர் காவலரிடம் சாவி பெற்றுக்கொள்ளலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் உண்டு தீர்க்கும் அளவே போதும். மிஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும். இருவராக வருக, ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் நின்று தூவுக. உணவுப் புட்டி அலமாரியின் மேல்தட்டில் உள்ளது.