ஏணி மேல் நின்று மீன் பிடிக்கும் ஏரி



தூண்டில் என்றதும் உங்கள் மனக்கண்ணில் எழுவது எது? மூங்கில் கோலும், அதன் நுனியில் நரம்பும், நரம்பில் கோத்த தக்கையும், முள்ளில் மண்புழுவுமாகக் குளக்கரையில் குந்தியிருக்கும் சிறுவர்கள்தாமே? அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஓர் ஏரியில் அதே தக்கையைத்தான் நானும் கண்டேன். ஆனால் அங்கே தூண்டில்காரர்கள் கரையில் குந்துவதில்லை. வெள்ளையடிப்பவர்கள் கொண்டு வருவார்களே, அந்த இரட்டைக்கால் ஏணி, அதனைத் தண்ணீருக்குள் நட்டு, அதன் மேற்படியில் ஏறி நின்று தூண்டில் வீசுகிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தபோது தண்ணீரின் மீது மனிதர்கள் வரிசையாக நிற்பதாகவே தோன்றியது.

அந்த ஏரிக்குப் பிரமிடு ஏரி என்று பெயர். சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர் போன ரெனோ நகரிலிருந்து வடகிழக்காக ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையலாம். அந்நகரின் வண்ண விளக்குகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நீங்களும் அதனை எதிர்பார்க்க மாட்டீர்கள். நகரம் முடிந்ததும் மொட்டைக் குன்றுகளும் சாம்பல் நிறப் புதர்களுமே கண்ணில் படுகின்றன. மரமே இல்லாத அந்த வறட்சியின் நடுவே, ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது, நீலக்கல்லைப் பதித்தாற்போல் ஏரி விரிகிறது. ஸுப்ஹானல்லாஹ்! நீளம் மட்டும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 100 மீட்டரையும் தாண்டும். 1844-ஆம் ஆண்டு இவ்வழியே வந்த ஃப்ரெமான்ட் என்னும் நில ஆய்வாளர், நீரிலிருந்து கூம்பாக எழுந்து நிற்கும் ஒரு பாறையைக் கண்டு எகிப்தின் பிரமிடை நினைத்துக்கொண்டார். அன்று வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

டாஹோ ஏரியில் பிறக்கும் ட்ரக்கி என்னும் ஆறு இங்கே வந்து முடிகிறது. வந்த நீர் வெளியேற வழி கிடையாது. வெயிலில் ஆவியாக வேண்டியதுதான். ஆதலால் ஏரி நீர் சற்று உவர்ப்பு. கடல் நீரின் உப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஏரியும் சுற்றுப்புறமும் பையூட் என்னும் பழங்குடி மக்களுக்கு உரியவை. மீன் பிடிப்பதற்கு அவர்களிடமே பணம் செலுத்தி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். உயிருள்ள இரை கூடாது. முள்ளில் எதிர்க்கொக்கி இருக்கக் கூடாது. குறித்த அளவுக்கு உட்பட்ட மீனை மட்டுமே கொண்டு செல்லலாம். சட்டங்கள் கண்டிப்பானவை. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னை அழைத்துச் சென்றவர் என் மருமகன், சகோதரியின் மகன். மார்ச் மாதக் குளிரில் மார்பளவு ரப்பர்க் காற்சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு அவர் முன்னே இறங்கினார். கரையோரம் சிறிது தூரம் ஆழமில்லாமல் சென்று, பிறகு திடீரெனப் பள்ளமாகிறது. குளிர்காலத்தில் ட்ரவுட் மீன்கள் அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே உலாவும். விளிம்பருகே ஏணியை நிறுத்தினால் உடல் குளிர்ந்த நீரில் நனையாது. தூண்டிலும் கூடுதல் தூரம் செல்லும்.

இனி அந்தத் தூண்டிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் உள்ள சிறுவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இறகும் நூலும் கொண்டு முள்ளின்மேல் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடையே இல்லை எனலாம். எடையில்லாததை எப்படித் தொலைவில் எறிவது? எனவே கயிற்றைக் கனமாக்கி, கயிற்றை வீசுகிறார்கள். பூச்சி அதன் பின்னே போகிறது. அந்தத் தடித்த வண்ணக் கயிறு மீனின் கண்ணில் பட்டால் காரியம் கெட்டுவிடும். ஆகையால் கயிற்றின் நுனியில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நரம்பைக் கட்டுகிறார்கள். அதற்கு லீடர் என்று பெயர். ஓடும் ஆற்றில் 9 அடி லீடர் போதும் என்பார்கள். நிலைத்த நீரில் மீன் ஆழத்தில் மேய்வதால், லீடர் நீண்டுகொண்டே போகிறது. எங்களுடையது 14 அடி. கனடாவின் ஏரிகளில் 20 அடிக்கு மேலும் கட்டுகிறார்களாம்.

லீடரின் மேற்பகுதியில் ஆரஞ்சு நிறத் தக்கை. தக்கையிலிருந்து 8 அடி கீழே ஒரு பூச்சி, அதற்கு 2 அடி கீழே மற்றொன்று. முதலாவது, சேற்றில் பிறந்து நீர்மட்டத்தை நோக்கி எழும் ஒரு கொசு போன்ற பூச்சியின் கூட்டுப்புழு வடிவம். (அந்தப் பூச்சி கடிப்பதில்லை என்பது ஓர் ஆறுதல்.) இரண்டாவது அட்டையின் வடிவம். முள்ளின் காதுக்கு முன்னால் ஒரு கனத்த மணியைப் பொருத்தியிருப்பதால், தராசுக் கோல் போலச் சமநிலையில் கிடக்கும். தக்கைக்குக் கீழே நரம்பு முழுவதும் ஒரே மெல்லிய கனமாக இருப்பது அவசியம். தடித்த நரம்பு நீரை எதிர்த்துக்கொண்டு மெதுவாக இறங்கும். பூச்சியை இறுக்கமாகக் கட்டாமல் சிறு வளையமாக முடிச்சிட்டால் அது தாராளமாக அசையும்.

ஆழத்தை எப்படி அறிவது? முள்ளில் ஒரு சிறு எடையை மாட்டி இறக்க வேண்டும். தக்கை மூழ்கிவிட்டால், நீர் இன்னும் ஆழம் என்று பொருள். தக்கையை மேலே நகர்த்த வேண்டும். தக்கை மேலே மிதந்து நிற்கும் அளவு வந்ததும், அதிலிருந்து ஓர் அடியைக் குறைத்துக்கொண்டு எடையைக் கழற்றிவிடலாம். பூச்சி இப்போது தரைக்கு ஓர் அடி மேலே தொங்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கோலின் நீளம் 10 அடி. தக்கைக்குக் கீழே உள்ள நரம்பும் 10 அடி. கயிற்றைச் சுற்றும்போது தக்கை கோலின் நுனி வளையத்தில் வந்து சிக்கிக்கொள்ளுமே, மீன் கைக்கு எட்டாமல் அங்கேயே அல்லவா நிற்கும்? மருமகன் சிரித்துக்கொண்டு தக்கையைக் காட்டினார். அதில் ஒரு சிறு ஆப்பு. நரம்பை அந்த ஆப்புதான் பிடித்து வைத்திருக்கிறது. மீன் அகப்பட்டுக் கோலை வெடுக்கென்று உயர்த்தியதும் ஆப்பு விடுபட, தக்கை நரம்பில் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். எவ்வளவு எளிய ஏற்பாடு!

அன்று காற்று பலமாக வீசியது. நான் முகம் சுளித்தேன், அவரோ மகிழ்ந்தார். அலையில் தக்கை ஏறி இறங்கும்போது அடியில் பூச்சியும் ஏறி இறங்கி உயிருள்ளது போல் நடமாடுமாம். "தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள் மாமா! அது முங்க வேண்டும் என்பதில்லை. அலையோடு எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்பாவிட்டால் போதும், கோலை உயர்த்திவிடுங்கள்" என்றார். மீன் பூச்சியை மெல்ல உறிஞ்சிப் பார்த்துவிட்டு உடனே துப்பிவிடுகிறது. கைக்கு அது உணர்வாவதேயில்லை. தக்கை ஒன்றே சாட்சி.

இரண்டு மணி நேரம் சாட்சி வாய் திறக்கவில்லை. லுஹர் வக்தாகிவிட்டது. கரையேறி, ஏரி நீரிலேயே உளூ செய்தோம், விரல்கள் மரத்துவிட்டன. மேற்கு நோக்கித் தொழுது பழகியவன் நான். அங்கே கிப்லா வடக்கிலிருந்து சற்றே கிழக்காகச் சாய்ந்திருக்கிறது. பூமி உருண்டை என்பதால் மக்காவுக்குக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. நீல நீர்ப்பரப்பை முன்னால் வைத்துத் தொழுத அந்த நான்கு ரக்அத்துகள் இன்றும் நினைவில் நிற்கின்றன.

சட்டங்கள் ஏன் கண்டிப்பானவை என்று சொல்வதாகக் கூறினேன் அல்லவா? இந்த ஏரியின் லஹொன்டன் கட்த்ரோட் என்னும் ட்ரவுட் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. 1925-இல் பையூட் மனிதர் ஒருவர் பிடித்த மீன் 41 பவுண்டு, அதாவது 18 கிலோவுக்கும் மேல். ஆனால் 1905-லேயே ட்ரக்கி ஆற்றின் குறுக்கே டெர்பி அணையைக் கட்டி, பாலைவனத்தில் பயிரிடுவதற்காக ஆற்று நீரில் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஏரி மட்டம் ஏறக்குறைய 80 அடி தாழ்ந்தது. முட்டையிட ஆற்றில் ஏறிச் செல்ல வேண்டிய மீன்களுக்கு வழி அடைபட்டது. 1940-களின் தொடக்கத்திற்குள் அவ்வினம் ஏரியில் அற்றுப்போயிற்று. பக்கத்து வின்னமக்கா ஏரியோ அடியோடு வறண்டு மண்ணாகிவிட்டது.

நீருக்காகப் பையூட் மக்கள் பல்லாண்டுகள் நீதிமன்றங்களில் போராடினார்கள். சில வழக்குகளில் வென்றார்கள்; 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1990-இல்தான் சட்டப்படி ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இதற்கிடையில், 1970-களில், யூட்டா எல்லையிலுள்ள பைலட் சிகரத்தின் சிற்றோடை ஒன்றில் ஒரு கட்த்ரோட் கூட்டம் கண்டெடுக்கப்பட்டது. எவரோ எப்போதோ கொண்டுபோய் விட்டவை! பழைய அருங்காட்சியக மாதிரிகளோடு மரபணுவை ஒப்பிட்டபோது, அவை இந்த ஏரியின் வாரிசுகளே என்று தெரிந்தது. 2006-இல் அவற்றின் குஞ்சுகளை ஏரியில் விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே 20 பவுண்டு மீன்கள் தூண்டிலில் அகப்பட்டன. 2014-இல் அவை ஆற்றிலேறி முட்டையிட்டன. மாய்ந்தது என்று கைகழுவியதை ஒரு சிற்றோடையில் பாதுகாத்து வைத்திருந்தவனின் குத்ரத்தை என்னவென்பது!

பிற்பகலில் மருமகன் கூவினார்: "மாமா, தக்கை நின்றுவிட்டது!" கோலை உயர்த்தினேன். ஆப்பு விடுபட்டுத் தக்கை வழுக்கி ஓடியது. சிறிது போராட்டத்திற்குப் பின் வலையில் வந்தது ஒரு மீன். மேனியெங்கும் கரும்புள்ளிகள், தாடைக்குக் கீழே கத்தியால் கீறியது போன்ற செங்கோடு. அளந்தால் 22 அங்குலம். இந்த அளவை வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்றார். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலிருந்து எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டார். காலந்தாழ்த்தாமல் உயர்த்தியதால் முள் உதட்டோரத்தில்தான் இருந்தது; தக்கையைக் கவனிக்காமல் இருந்தால் தொண்டைக்குப் போயிருக்கும் என்றார்.

எனக்கு மனம் உறுத்தியது. உண்பதற்காக வேட்டையாடலாம், வெறும் விளையாட்டுக்காக ஓர் உயிரை வதைப்பது தகாது என்று உலமாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். "விடுவதற்காகவா பிடிக்கிறோம்?" என்று கேட்டேன். "நம் சீட்டுப் பணமும் மீன் வளர்ப்புக்கு உதவுகிறது மாமா. அளவைப் பார்த்தா கடிக்க வருகிறது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. என் உறுத்தலும் நீங்கவில்லை.

அஸருக்குச் சற்று முன் 18 அங்குல மீனொன்று அகப்பட்டது. அதை வைத்துக்கொள்ளலாம். உடனே என் நரம்பைச் சுற்றிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன். "சீட்டு இன்று முழுவதற்கும் செல்லுமே!" என்று மருமகன் வியந்தார். "எனக்கு ரிஸ்க் கிடைத்துவிட்டது, நீங்கள் நில்லுங்கள்" என்றேன். அவர் மேலும் ஒரு மணி நேரம் நின்று இரண்டைப் பிடித்து இரண்டையும் விட்டார். நான் கரையில் அமர்ந்து பெலிக்கன் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு மருமகனின் மனைவி அந்த மீனைப் புளியாணமாகக் காய்ச்சினார். சதை இளஞ்சிவப்பாக, முள் குறைவாக, நெய்ம்மை மிக்கதாக இருந்தது. ஐந்து பேர் உண்டோம். தலையை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.